கழிச்சலுக்கு மதிப்பெண் போட்டவன் சொல்வது

1

"…தவிட்டைக் கொட்டி வயித்த ரொப்பினா, குட்டி எங்கேருந்து எடை போடும்? நீயே சொல்லு."

"எங்கேருந்துன்னுதான் ஒரு மாசமா சொல்லிக்கிட்டு இருக்கேன். உங்க காதுலயும் கொஞ்சம் தவிடு அடைச்சிருக்கு போல."

இது என் கற்பனை இல்லை. அக்காவும் அவள் புருஷனும் தீவன அறைக்குள் போட்ட சண்டை. வெளியே குழாயடியில் பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. கதை பிறந்த இடம் பன்றிப் பண்ணைக் குழாயடிதான். இன்னும் கௌரவமான இடமாகச் சொல்லலாமா என்று யோசித்தேன், எதுவும் பொருந்தவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தாயைப் பிரிந்த குட்டிகளின் கண்களில் ஓர் ஆழ்ந்த சோகம் —

(அடித்துவிட்டேன். குட்டியின் சோகம் கண்ணில் இல்லை, பின்பக்கத்தில் இருக்கிறது. பாலை நிறுத்தித் தீவனத்துக்கு மாற்றியதும் வயிறு கலங்கித் தண்ணீராகப் போகும். சிலது அப்புறம் எழுந்திருக்காது.)

போன தடவை தண்ணீரில் மருந்து கலந்தும் பதினொரு குட்டி அப்படிப் போனது. அன்றிலிருந்து அக்கா கோதுமைத் தவிடும் சோயாத் தோலும் பொடித்து ஒரு கலவை செய்கிறாள். அந்த நார்ச்சத்து குடலில் இருக்கும் நல்ல கிருமிகளுக்குச் சாப்பாடு, அதுகள் தெம்பாக இருந்தால் கெட்டது அண்டாது என்பது அவள் கட்சி. மச்சானுக்குத் தண்ணீரில் கலக்கும் மருந்து ஒன்றுதான் வேதம்.

கடைசியில் பந்தயமாகிவிட்டது. இடது கொட்டிலில் இருபது குட்டி, கலவையோடு. வலது கொட்டிலில் இருபது, கலவை இல்லாமல். மருந்து யாருக்கும் கிடையாது. மூன்று வாரம். வித்தியாசம் தெரிந்தால் குட்டிகளின் பொறுப்பு முழுக்க அக்காவுக்கு. தெரியாவிட்டால் அவள் கலவைப் பேச்சையே எடுக்கக்கூடாது. நடுவர் நான். தினமும் காலையில் சாணத்தைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். கெட்டி என்றால் சுழியம், தண்ணீர் என்றால் மூன்று.*

* என் எழுத்துக்கு ஆள் காத்திருந்து வாங்கிப் படித்தது இந்த மூன்று வாரம்தான்.

3

மச்சானைக் கெட்டவராக எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலாம் நாள் வரை ஒத்துழைத்தார். அன்று வலது கொட்டிலில் எட்டுக் குட்டிக்குக் கழிச்சல். மூன்று, மூன்று என்று போட்டுக்கொண்டே போனேன். சந்தோஷம் தெரிந்துவிடக் கூடாதென்று அக்கா வாயை இறுக்கிக்கொண்டாள். ஆனால் ஏழாம் நாள் வலதில் ஒரே ஒரு குட்டிக்குத்தான். பத்தாம் நாள் இரண்டு பக்கமும் சுழியம்.

பன்னிரண்டாம் நாள் மதியம் அக்கா கடைக்குப் போயிருந்தாள். நான் மறந்துவிட்டுப் போன மதிப்பெண் நோட்டை எடுக்க வந்தேன். வலது கொட்டிலின் தீவனத் தொட்டியில் மச்சான் குனிந்து, அக்காவின் கலவையைக் கொட்டிக் கையால் கிளறிக்கொண்டிருந்தார்.

"கத்தாத மாப்ள."

"நான் வாயே திறக்கல மச்சான்."

"மூஞ்சியில கத்துற." கையைத் தட்டிக்கொண்டார். "நாலாம் நாளு அந்தச் சின்னது எந்திரிக்கவே இல்ல. மருந்து குடுக்கக் கூடாதுன்னு பேச்சு. நின்னு வேடிக்க பாக்கச் சொல்றியா? அன்னிலேருந்து இதத்தான் போடுறேன்."

"அப்ப இது வேலை செய்யுதுன்னு ஒத்துக்கிறீங்க."

"குட்டி ஒத்துக்கிச்சு. நான் இன்னும் இல்ல."

"அக்காகிட்ட சொல்லிடுங்க."

"சொல்லுவேன், மெதுவா. அதுவரைக்கும் நீ சொல்லமாட்டேன்னு வாக்கு குடு. அவ வாயி உனக்குத் தெரியாதா? நான் சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவா."

(இந்த ஆளை இனி எப்படிக் கெட்டவராக எழுதுவது? அந்தப் பத்தி முழுக்க வீண்.)

4

மூன்று வாரம் முடிந்து எடை போட்டோம். இரண்டு கொட்டிலும் ஒரே மாதிரி. அக்கா தராசைத் தட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். மச்சான் ஜெயித்துவிட்டார். ஜெயித்துவிட்டு இப்படி முழித்த ஆளை நான் பார்த்ததே இல்லை.

"நான்தான் தப்பா நெனச்சிட்டேன் போல," என்றாள் அக்கா. "மிச்சத்த உரக்குழியில கொட்டிடுடா."

"இருக்கட்டுமே, எதுக்கு வீணாக்கணும்?" என்றார் மச்சான், சுவரைப் பார்த்து.

"எதுக்கு வச்சுக்கணும்? நீங்கதான ஜெயிச்சீங்க."

அவர் வாயைத் திறந்தார். பிறகு

(இங்கே ஒரு நல்ல வசனம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கை கழுவப் போய்விட்டார்.)

5

முடிவு, முதல் வகை: மச்சான் தானே சொல்லிவிடுகிறார். அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

இரண்டாம் வகை: கலவை மூட்டை குறைந்திருப்பதை அக்கா கண்டுபிடிக்கிறாள். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மூன்றாம் வகை: நான். 'சொல்லமாட்டேன்' என்று மச்சானுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். 'எழுதமாட்டேன்' என்று அவர் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை.

நான் இதைப் போடும் இந்தக் கதைக் குழுவில் அக்கா இல்லை. பண்ணைக்காரர்கள் குழுவில் இருக்கிறாள். அங்கே நான் எதைப் போட்டாலும் முதல் ஆளாகப் படித்துப் பிழை திருத்துவாள். வியாழக்கிழமை அடுத்த நாற்பது குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கிறோம், கலவை இல்லாமல். இதை அங்கேயும் போட்டால் மச்சான் எல்லார் முன்னாலும் தோற்பார். போடாவிட்டால், சரியாகச் சொன்ன அக்கா தோற்றவளாகவே இருப்பாள். குட்டிகள் கதி உங்களுக்கே தெரியும்.

போடவா, வேண்டாமா? இன்று திங்கள். புதன் சாயந்தரத்துக்குள் கீழே எழுதுங்கள். 'அருமை' என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அதை வைத்துக்கொண்டு நான் ஒரு முடிவும் எடுக்க முடியாது.