ஒற்றைப்படைக்கு ஒரு முட்டை

வாத்து மேய்க்கும் மாசிலாமணி, அறுவடை முடிந்த எங்கள் வயலில் நான்கு நாள் வாத்துகளை விட்டிருந்தார். கிளம்பும்போது என் மனைவி தனத்திடம் ஆறு வாத்து முட்டைகளைக் கொடுத்தார்.

"ஆக்கிடாத தங்கச்சி, அடை வெய்யி. உங்க பம்புசெட்டு வாய்க்கால்ல வாத்து நீந்திக்கினு போனா நல்லா இருக்கும்."

அவர் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் போய்விட்டார். இனி அடுத்த அறுவடைக்குத்தான் வருவார். தனம் பனமலை ஏரி ஓரத்தில் வளர்ந்தவள். வீட்டில் வாத்து வேண்டும் என்று கல்யாணமான வருடத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் சிவப்புக் கோழி அப்போது அடைக்கு உட்காரும் பக்குவத்தில் இருந்தது. கூடையில் மணலும் வைக்கோலும் போட்டுத் தயார் செய்தோம். அடை வைத்தால் ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்பது தனத்தின் வீட்டு வழக்கம். ஆறு இரட்டைப்படை. அதனால் ஒரு கோழி முட்டையைச் சேர்த்து ஏழாக்கினாள். நானும் தலையாட்டினேன். கிளியனூரில் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன்; சேட்டு கடை என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சுற்றின் எண்ணிக்கை தவறினால் காயில் புகைந்துவிடும் என்பதால், எண்ணிக்கையில் கவனமாக இருப்பவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் நாங்கள் இருவரும் முட்டையை எண்ணினோமே தவிர, நாட்களை எண்ணவில்லை.

இருபத்தோராம் நாள் காலை. தனம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வந்தபோது, கோழி வாசலில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரே ஒரு கோழிக்குஞ்சு. கூடையில் ஆறு வாத்து முட்டைகளும் அப்படியே கிடந்தன. ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னாங்க, ஜல்தி வாங்க! சூடு எறங்கிப்போச்சு!"

கோழியைப் பிடித்து முட்டைமேல் உட்கார வைத்தேன். கையைக் கொத்திவிட்டு, குஞ்சின் குரல் கேட்ட பக்கம் ஓடியது. மறுபடி வைத்தேன், மறுபடி ஓடியது. மாசிலாமணிக்குப் போன் போட்டேன்.

"கோழி முட்டைக்கு இருவத்தோரு நாளு சேட்டண்ணா. வாத்துக்கு இருவத்தெட்டு. ரெண்டையும் ஒரே நாள்ல யாருனா வெப்பாங்களா? வாத்து முட்டைய வெச்சு ஒரு வாரம் கழிச்சுல்ல கோழி முட்டைய சேக்கணும்!"

"ஒத்தப்படைக்காக வெச்சோம்."

"சரியாப்போச்சு. அந்த ஒத்த வந்து ஆறையும் பேஜாரு பண்ணிக்கினு இருக்குது. மொதல்ல ஒரு முட்டையில லைட்ட அடிச்சுப் பாரு."

அறைக்கதவைச் சாத்தி, முட்டையின் தடித்த முனையில் செல்போன் டார்ச்சை வைத்தேன். அந்த முனையில் ஒரு காற்றறை இருக்கும். அது மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தது. மீதி எல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்பு முழுக்கக் குஞ்சு. மூச்சை அடக்கிப் பார்த்தோம். வெளிச்சத்தின் ஓரத்தில் நிழல் ஒரு தடவை துடித்தது. தனம் என் தோளை இறுக்கிப் பிடித்தாள். ஐந்து முட்டைகளில் துடிப்பு இருந்தது. ஆறாவதில் இல்லை. மூன்று வாரம் வளர்ந்த குஞ்சுக்குத் தன் உடம்புச் சூடும் கொஞ்சம் இருப்பதால், ஒரு மணி நேரக் குளிர்ச்சியைத் தாங்கிவிட்டது. நாள் முழுக்கத் தாங்காது.

மாசிலாமணி சொன்ன வழி இதுதான். கோழியை அடையிலிருந்து எழுப்பும் சுவிட்ச் குஞ்சின் குரல். அந்தக் குரல் காதில் விழாத தூரத்துக்குக் குஞ்சைக் கொண்டுபோய்விட வேண்டும். பிறகு கோழியை முட்டைமேல் வைத்து, மேலே கூடையைக் கவிழ்த்து மூடி, இருட்டாக்க வேண்டும்.

குஞ்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன். தனம் பெரிய கூடையால் கோழியை மூடி, மேலே சாக்கைப் போர்த்தினாள். முக்கால் மணி நேரத்தில் போன் வந்தது.

"மூக்கால முட்டைங்கள உள்ள தள்ளிக்கினு இருக்குதுங்க. உக்காந்துட்டா மகராசி!"

கடையில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். வெப்பமானி தேவையில்லை, குஞ்சே வெப்பமானி. பல்புக்கு அடியில் ஒடுங்கினால் குளிர், மூலைக்கு ஓடினால் சூடு அதிகம். பல்பை ஏற்றி இறக்கிச் சரிசெய்தேன். மூக்கைத் தண்ணீரில் ஒரு முறை நனைத்துவிட்டதும் குடிக்கக் கற்றுக்கொண்டது. அரிசி நொய்யும் தின்றது. ஆனாலும் தனியாக இருந்ததால் ஓயாமல் கத்தியது. பைக்கில் உடைந்த கண்ணாடி ஒன்றைப் பெட்டியின் ஓரத்தில் சாய்த்து வைத்தேன். கண்ணாடிக்குள் இருந்த தோழனைப் பார்த்ததும் கத்தலை நிறுத்திவிட்டு, அதன்மேல் சாய்ந்து தூங்கியது.

"சேட்டு, என் மோட்டாரு எங்க?" என்றார், பழுதான மோட்டாரைக் கடையில் கொடுத்திருந்த தேவநாதன்.

"நாளைக்கு ரெடியாயிடும்ணா."

"கோழிக்குப் பல்பு கட்டத் தெரியுது, என் மோட்டாருக்கு மட்டும் நாளைக்கா?" என்றார். அதற்குப் பிறகு அவரே தினமும் நொய் கொண்டுவந்தார்.

வீட்டில் தனம் காலையில் ஒரு முறை கோழியை இரைக்கு இறக்கிவிட்டு, முட்டைகள்மேல் வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்தாள். தாய் வாத்து நனைந்த இறகோடு வந்து உட்காரும். அந்த ஈரம் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் தோல் காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும்.

இருபத்தேழாம் நாள் ஓடுகளில் விரிசல் விட்டது. மறுநாள் நான்கு குஞ்சுகள் வந்தன. ஐந்தாவது ஒரு ஓட்டை போட்டதோடு நின்றுவிட்டது.

"பிச்சி எடுத்துடட்டுமா? பாவமா இருக்குதுங்க."

"வேணாம் தனம். தோல்ல ரத்தம் ஓடிக்கினு இருக்கும். அது உடம்புக்குள்ள போய்ச் சேர்ற வரைக்கும் குஞ்சு உள்ளதான் இருக்கும்."

அவள் அந்தக் கூடையை விட்டு நகரவே இல்லை. மாலையில் ஓடு சுற்றிலும் உடைந்து, மூடி திறப்பது போலத் திறந்தது.

பொழுது சாய்ந்ததும் கடையிலிருந்த கோழிக்குஞ்சைக் கொண்டுவந்தேன். ஒரு வாரம் வெளியே வளர்ந்ததை வெளிச்சத்தில் விட்டால் தாயே கொத்தித் துரத்தலாம். இருட்டில் இறகுக்கு அடியில் நுழைத்துவிட்டால், விடிந்ததும் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்ள வாய்ப்பு அதிகம். நுழைத்தேன். கோழி ஒரு முறை முனகியதோடு சரி.

காலையில் தனம் கூடையைத் தூக்கினாள். கோழி இறங்கியது. பின்னால் ஐந்து மஞ்சள் வாத்துக்குஞ்சுகள், கடைசியில் கோழிக்குஞ்சு. கோழி அதைக் கொத்தவில்லை.

தனம் விரல் நீட்டி எண்ணினாள். "ஆறு. மறுபடியும் ரெட்டப்படை."

"கோழியையும் சேத்துக்கோ."

"போங்க" என்று சிரித்தாள். ஆனால் ஒரு முறை சேர்த்தும் எண்ணிப் பார்த்தாள்.

தண்ணீர்த் தட்டை வைத்தோம். கோழிக்குஞ்சு ஓடிப்போய்த் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்து, அங்கே தெரிந்த தன் பழைய தோழனைப் பார்த்துக் குரல் கொடுத்தது. அதற்குள் ஐந்து வாத்துகளும் தட்டுக்குள் இறங்கிக் கலக்கிவிட்டன. சற்று நேரம் திகைத்து நின்றுவிட்டு, அது ஓடிப்போய்த் தாயின் இறகுக்குள் நுழைந்துகொண்டது.