முன்மேசையில் பசை அண்ணன்

இனி எல்லாரும் எல்லா வேலையும் பார்க்கலாம் என்று நூலகர் சொன்னதுமே பட்டியல் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டு வருடமாகப் புத்தகங்களுக்கு எண் போட்டுப் பட்டியல் எழுதுகிறவளைக் கிழிசல் ஒட்டும் மேசைக்கு அனுப்பினார்கள். ஜன்னலில்லாத அறையில் இருபது வருடம் ஒட்டிக்கொண்டிருந்த பசை அண்ணன், வாசகர்களுக்குப் பதில் சொல்லும் முன்மேசைக்கு வந்தார். ஒரு மாதச் சோதனைதான். பதவியில் மூத்தவள் என்பதால், இந்த மாற்றம் தொடர வேண்டுமா என்ற முடிவு அக்கா கையில்.

கடைசி நாள். படிவத்தில் ‘வேண்டாம்’ என்று அழுத்தி எழுதி எடுத்துக்கொண்டு அக்கா முன்மேசையைக் கடந்தாள். அங்கே ஓர் அம்மாள் கலங்கி நின்றிருந்தாள்.

“பேரு ஞாபகமில்லப்பா. பேச்சுப் போனவங்களுக்குப் பேசப் பழக்குற புஸ்தகம். போன வருஷம் பேத்தியோட வந்தப்ப கண்ணுல பட்டுச்சு. அத வெச்சுத்தான் எங்க வீட்டுக்காரர் பேசினாரு. இப்ப மறுபடியும் வாய் அடைச்சுப்போச்சு.”

அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை. கணினியில் தட்டித் தட்டிப் பார்த்தாள். அது கையை விரித்தது.

“வாய் படமா போட்டிருக்குமா?” என்றார் பசை அண்ணன். “நடுப்பக்கம் கழண்டிருக்குமே?”

“ஆமா! நான்தான் கொண்டை ஊசி குத்தி வெச்சேன்.”

“அட, அது நீங்கதானா! ஊசிய எடுத்துட்டுத் தெச்சு வெச்சேன். இருங்கம்மா.”

நேராகக் குழந்தைகள் அலமாரிக்குப் போய் எடுத்து வந்தார். முதுகில் இருந்த எண் அக்காவின் கையெழுத்து. எழுத்தும் படமுமாக இருந்த அட்டையை மட்டும் பார்த்து, குழந்தைப் பாடநூல் என்று எண் போட்டது அவளேதான். அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?”

“குழந்தைங்க ஓரத்தத்தான் கிழிக்கும். இது நடுவுல பிரிஞ்சு வந்துச்சு. யாரோ பெரியவங்க தினமும் விரிச்சு வெச்சுப் படிக்கிறாங்கன்னு அப்பவே நெனச்சேன்.”

என்ன மனுஷன் இவர், இருபது வருடம் இவரை உள்ளே பூட்டி வைத்திருந்தோமே என்று அக்காவுக்கு மனசு கனத்தது. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த அம்மாள் போனாள். அக்கா ஒட்டும் மேசைக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் படிவம் முன்மேசைக்கு வந்தது. ‘வேண்டாம்’ இருந்த இடத்தின் மேல் ஒரு காகிதத் துண்டு, சுருக்கம் விழுந்து கோணலாக ஒட்டியிருந்தது.

“யாரு இவ்வளவு கேவலமா ஒட்டினது?”

“நான்தாண்ணே. மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க.”

‘வேண்டும்’ என்றிருந்தது. பசை அண்ணன் அந்தச் சுருக்கத்தை விரலால் தடவினார். எந்தக் கோணல் ஒட்டலையும் பிரித்து ஒட்டாமல் விடாத மனிதர், இதை அப்படியே விட்டுவிட்டார்.