லவோனின் காருக்கு லேசான ஸ்டியரிங்

"ஸ்டியரிங் ரொம்பக் கனக்குது ஆரின். நீயே ஓட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாப்பாடும் ஆனதும் லவோன் இதைச் சொல்வாள். ஆரின் ட்வெய்ட் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நோவா காரில் ஏறுவார். கார் அவளுடையது. கல்யாணத்துக்கு முன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்தில் சித்தப்பாவிடமிருந்து வாங்கியது. அறுபத்தாறாம் வருடத்து வண்டி, வானத்து நீலம். முன்பக்கம் ஒரே நீள சீட் என்பதால் அவள் கதவோரம் ஒதுங்காமல் நடுவில் நகர்ந்து உட்கார்ந்துகொள்வாள். ஏரிக்கரைக் கடையில் ஆளுக்கொரு கஸ்டர்ட் ஐஸ்கிரீம், கரையைச் சுற்றி ஒரு வட்டம், வீடு. விஸ்கான்சினில் பனிக்காலம் போக மிச்சமிருக்கும் சில மாதங்களுக்கு அவர்களுடைய ஞாயிறு இதுதான்.

மற்ற நாட்களில் ஆரின் ஊரார் வண்டிகளுக்கு அடியில் கிடந்தார். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. சாப்பிடக் கூப்பிட்டால் வண்டிக்கு அடியிலிருந்து 'ம்' என்று ஒரு சத்தம் வரும். நல்ல மனிதர், குடி கிடையாது, கோபம் கிடையாது, பேச்சும் கிடையாது. தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும்போதே எந்தச் சக்கரத்தில் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டுதான் பெண்டாட்டி சொன்னதை வருடக்கணக்காகத் தப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மார்ச்சில் லவோனின் அக்காவுக்கு முட்டி ஆபரேஷன். துணைக்கு இருக்க லவோன் டுலூத் போனாள். இதுதான் சமயம் என்று ஆரின் கச்சை கட்டிக்கொண்டு இறங்கினார். சக்கரங்களைத் திருப்பும் பழைய ஸ்டியரிங் பெட்டியைத் தூக்கிவிட்டு, இந்தக் காலத்து வண்டிகளில் இருப்பதுபோல ரேக் அண்ட் பினியன் வைத்துவிடுவது; பல் வெட்டிய ஒரு தண்டு, அதை இடவலமாகத் தள்ள ஒரு சின்னப் பற்சக்கரம், அவ்வளவுதான் விஷயம். இதையே அழகாகப் பெட்டியில் போட்டுத் தயாராக விற்கிறார்கள். விலையைப் பார்த்ததும் அவர் கேட்லாகை மூடிவிட்டார். இவ்வளவு கொடுப்பதற்கு நான் மெக்கானிக்கா, டாக்டரா என்று பட்டறைப் பூனையிடம் கேட்டார்.

மெல் கோவால்கியின் பழைய இரும்பு யார்டில் ஒரு சின்னக் கார் முன்பக்கம் நசுங்காமல் கிடந்தது. ரேக்கையும் ஸ்டியரிங்கை லேசாக்கும் அதன் பம்பையும் கழற்றி எடுத்து, தன் பழைய ஸ்டியரிங் பெட்டியைப் பதிலுக்குத் தள்ளிவிட்டு, மேலே கொஞ்சம் பணம் கொடுத்து அடிமாட்டு விலைக்கு முடித்துவிட்டார்.

"பொண்டாட்டிக்குப் பரிசா? ஊருல ஒவ்வொருத்தனும் பூ வாங்குவான், நீ துருப்பிடிச்ச இரும்பு வாங்குற. உருப்படுவியாய்யா?" என்றான் மெல்.

"பூ மூணு நாள்ல வாடிடும்" என்று ஆரின் பதில் சொன்னார். தன் சாமர்த்தியத்தை அவரே மெச்சிக்கொண்டார்.

வேலை பிரமாதம், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ரேக் உட்காரக் கனத்த தகட்டில் தாங்கி அடித்து, முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு வெல்டிங் வைத்தார். என்ஜினின் எண்ணெய்த் தொட்டியில் இடித்தது. ஒரு விரல்கடை முன்னால் தள்ளி மறுபடியும் வைத்தார். ஜாக்கியில் ஒரு சக்கரத்தை ஏற்றி இறக்கி, பள்ளத்தில் விழுந்து எழும்போது அது தானாகத் திரும்புகிறதா என்று நாள் முழுக்கப் பார்த்தார். கடைசியில் ஸ்டியரிங் தண்டை நீளம் குறைத்து அறுக்க வேண்டியிருந்தது. அறுத்துவிட்டால் பழைய பெட்டி இனி அந்த வண்டியில் சேராது. அது அவருக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் ரம்பத்தை வைக்கும்போது கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதை நினைத்துத்தான் பின்னால் அவர் அதிகம் நொந்துகொண்டார்.

மே மாதம், பனிக்காகச் சாலையில் தூவிய உப்பை மழை கழுவிய பிறகு, முதல் ஞாயிறு. லவோன் கைப்பையோடு வந்து வழக்கம்போல, ஓட்டுபவருக்கு மறுபக்கமான வலப்பக்கக் கதவைத் திறந்தாள். ஆரின் சாவியை நீட்டினார்.

"அந்தப் பக்கம் ஏறு. ஒரு விரலால திருப்பிப் பாரு."

அவள் ஏறி, திருப்பினாள். ஸ்டியரிங் வெண்ணெயில் கத்தி போவதுபோலத் திரும்பியது. ஆரின் ஜன்னலில் குனிந்து, பம்பிலிருந்து தாங்கி வரை எல்லாவற்றையும் விளக்கினார். ஆயுசிலேயே அவளிடம் அவ்வளவு நேரம் அவர் பேசியதில்லை. கடைசியில் கதவில் ஒரு தட்டுத் தட்டிச் சொன்னார்.

"இனிமே உனக்கு நான் தேவையில்ல. எங்க வேணாலும் நீயே போயிட்டு வரலாம்."

லவோன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு, மகராசன், பக்கத்து வீட்டுக்காரரின் டிரக்கைப் பார்க்கப் பட்டறைக்குப் போய்விட்டார். அவள் தனியாகப் போய் வந்தாள். அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்த ஞாயிறு சர்ச் பாட்டுக்குழுவில் இருக்கும் ஆர்டிஸ் வாசலில் வந்து நின்றாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கிளம்பினார்கள்.

ஆரின் ரேடியோவில் பேஸ்பால் கேட்டார். ஆட்டத்தில் மனம் ஒட்டவில்லை. தனியாகப் போய்க் கஸ்டர்ட் வாங்கித் தின்று பார்த்தார், இனிப்பு ஜாஸ்தி என்று பட்டது. எதையோ தொலைத்துவிட்டு எதைத் தொலைத்தோம் என்று தெரியாதவர்போலப் பட்டறைக்கும் சமையலறைக்கும் நடந்தார். ஜூன் கடைசியில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில், ஸ்டியரிங் எப்படி இருக்கிறது, கை வலி விட்டதா என்று கேட்டுவைத்தார்.

லவோன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "என் கைக்கு என்னிக்கு வலி வந்துச்சு?"

"கனக்குதுன்னு சொல்லுவியே."

"நீ பித்தப்பை ஆபரேஷனுக்கு ஓ கிளேர் ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப, தினம் யாரு வந்து பக்கத்துல உக்காந்தது? உன் டிரக்கோட கியர்பாக்ஸத்தான் கழட்டிப் போட்டுட்டுப் போயிருந்தியே. நோவாவ நாந்தான் ஓட்டிட்டு வந்தேன். அங்கயும் இங்கயும் ஒரு வாரம். அப்ப கனக்கல."

அந்த வாரம் கார் ஆஸ்பத்திரி வாசலுக்கு எப்படி வந்தது என்று அவர் யோசித்ததே இல்லை.

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற எதச் சொன்னாலும் உன் காதுல விழாது. வண்டியில ஏதோ கோளாறுன்னாத்தான் நீ எந்திரிச்சு வருவ" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே மெல்லின் யார்டு வாசலில் நின்றார். பழைய பெட்டி வேண்டும் என்றார். அது ஏப்ரல் லோடில் உருக்காலைக்குப் போய்விட்டது என்று மெல் சொன்னான். "ஏன், புதுசு சரியா வேலை செய்யலையா?" என்று கேட்டான். நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். பெட்டி கிடைத்திருந்தாலும் அறுத்த தண்டை என்ன செய்வது? வாயால் இரண்டு வார்த்தை போதும், நானும் வரட்டுமா என்று. அந்த இரண்டு வார்த்தை அவர் நாக்கில் வராது. எதையாவது கழற்றி மாட்டித்தான் அவருக்கு அன்பு காட்டத் தெரியும்.

அந்த ஞாயிறு ஆர்டிஸ் இன்னும் வந்திருக்கவில்லை. லவோன் என்ஜினைக் கிளப்பினாள். ஆரின் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து, வலப்பக்கக் கதவுப் பிடியில் கை வைத்தார்.

"முன்பக்கம் ஒரு சத்தம் கேக்குது. நான் கூட வந்து கவனிச்சாத்தான் என்னன்னு தெரியும்."

லவோன் அவருடைய சட்டையைப் பார்த்தாள். ஷேவ் செய்த முகத்தைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. ஆனால் அதற்குள் ஆர்டிஸ் தெருவைக் கடந்து கையாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"சத்தம் எதுவும் இல்ல ஆரின். நீ வேலைய ஒழுங்கா செஞ்சிட்ட" என்றாள் லவோன்.

அவர் பிடியிலிருந்து கையை எடுத்து, ஆர்டிஸுக்காகக் கதவைத் திறந்துவிட்டார். நோவா தெருவில் இறங்கி, தீவனக் கடை முனையில் திரும்பியது. ஆரின் நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். எங்காவது ஒரு சின்ன உரசல், ஒரு கிறீச், ஒன்றாவது கேட்காதா என்று ஏங்கினார். எதுவும் கேட்கவில்லை.