ஓடிப் பழகிய வண்டி

தாஜ் முகம்மது சவூதியின் தம்மாமில் ஒரே குடும்பத்துக்கு இருபது ஆண்டுகள் கார் ஓட்டியவர். மேலப்பாளையத்துக்கு நிரந்தரமாகத் திரும்பி வந்ததும், ஒரு டீசல் சொகுசுக் கார் வாங்கி வாடகைக்கு ஓட்ட வேண்டும் என்றார். கல்யாணத்துக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் ஏறக்கூடிய கார். தூத்துக்குடி, திருவனந்தபுரம் விமான நிலையங்களில் நின்றால் இறங்கி வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடிய கார்.

அவர் மனைவி சபீதாவுக்கும் அதில் சம்மதம்தான். அவர் வெளிநாட்டில் இருந்த காலத்தில் அவள் ஓட்டுநர் உரிமம் எடுத்து, ஒரு ஆம்னி வேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். சந்தில் எதிரே ஆட்டோ வந்தால் ஆட்டோக்காரர்தான் பின்னால் எடுப்பார். கார் வாங்குவதில் அவளுடைய சேமிப்பும் சேர்ந்திருந்தது. அதனால் பார்க்கப் போகும்போதெல்லாம் அவளும் கூடவே போனாள்.

தாஜுக்குப் பிடித்துப்போனது ஒரு வெள்ளை ஜெர்மன் கார். வண்ணார்பேட்டையில் ஒரு தரகர் காட்டினார். தம்மாமில் அவர் ஓட்டிய காரின் தம்பி மாதிரி இருந்தது. உள்ளே தோல் இருக்கை, மேலே கண்ணாடிக் கூரை. மீட்டரில் முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை.

"ஷெட்டுலயே நின்ன வண்டி, பாய். டாக்டர் ஒருத்தர் ஆசைக்கு வாங்கி வச்சிருந்தாரு" என்றார் தரகர்.

தாஜ் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அன்றைக்குச் சாயங்காலமே பள்ளிவாசல் வாசலில் நண்பர்களிடம் சொல்லிவிட்டார். மறுநாள் ஓட்டிப் பார்ப்பதற்காக மெக்கானிக் எபியையும் அழைத்துக்கொண்டு போனார்கள். எபி பாளையங்கோட்டையில் பட்டறை வைத்திருப்பவன். சபீதாவின் வேனை முதலிலிருந்தே பார்ப்பவன் அவன்தான்.

சபீதா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். வண்டியில் ஏறினால் பெல்ட் போடுவது அவளுடைய பழக்கம். இழுத்தாள். பெல்ட் திக்கித் திக்கி வந்தது. இன்னும் இழுத்தாள். வழக்கமாக வெளியே வராத கடைசிப் பகுதியும் வந்தது. அங்கே பட்டையின் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு இருந்தது. அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

வாசனைத் திரவியம் எவ்வளவோ அடித்திருந்தார்கள். அதற்கு அடியிலிருந்து அந்த வாடை வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது ஏரலில் அவளுடைய உம்மா வீட்டுக்குள் ஆறு புகுந்தது. வடிந்த பிறகு ஒரு வாரம் அங்கேயே இருந்து வண்டலை அள்ளிப் போட்டவள் அவள். பீரோவையும் மெத்தையையும் எத்தனை முறை கழுவியும் அந்த வாடை போகவில்லை.

"எபி, இந்தத் தரைவிரிப்பக் கொஞ்சம் தூக்கிப் பாரு" என்றாள்.

எபி சீட்டுக்கு அடியில் கையை விட்டு விரிப்பின் ஓரத்தைத் தூக்கினான். திருகாணிகள் துருவேறி இருந்தன. விரலில் மெல்லிய சேறு பவுடராக ஒட்டியது. அவன் அதைத் தாஜிடம் காட்டினான். "வெள்ளத்துல முங்குன வண்டி, பாய்" என்றான்.

தாஜ் தரகரைப் பார்த்தார். தரகர் கைப்பேசியைப் பார்த்தார்.

வேனில் திரும்பும்போது தாஜுக்கு மனம் ஆறவில்லை. ஊரெல்லாம் சொன்னது ஒரு பக்கம். இருபது வருடம் கார் ஓட்டியும் இது தன் கண்ணில் படவில்லையே என்பது இன்னொரு பக்கம். சபீதா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க ஓட்டுனது புது வண்டிங்க. அதுல என்னத்தத் தேடுவிய? நம்ம நிய்யத்து, மனசுல வச்ச எண்ணம், நல்லாருக்கு. அதான் அல்லாஹ் முன்னாடியே காட்டிட்டான்."

பின்னால் இருந்த எபி முன்னே சாய்ந்தான். "பாய், நான் ஒரு வண்டி சொல்லுதேன். ஆனா மீட்டரப் பாத்துப் பயப்படக் கூடாது."

"எவ்வளவு ஓடியிருக்கு?"

"ஒன்னே முக்கால் லட்சம்."

தாஜ் சிரித்துவிட்டார். "என்னவே, டவுன் பஸ்ஸையா வாங்கச் சொல்லுதீரு?"

"ஸ்கோடா சூப்பர்ப், பாய். டீசல், மேனுவல் கியர். சாலோமி டீச்சரு வண்டி. பாளையங்கோட்டையிலேருந்து நாகர்கோவில் காலேஜுக்கு டெய்லி அவுகளே ஓட்டிட்டுப் போயிட்டு வருவாக. டீசல் வண்டிக்கு அதான் வேணும். ஒரே வேகத்துல ரோட்டுல ஓடணும். கடைக்கும் வீட்டுக்கும் ஓடுன வண்டியிலதான் கரி அடைக்கும். ஷெட்டுல நின்ன வண்டிக்கு ரப்பர் எல்லாம் காயும். இது ஓடிப் பழகுன வண்டி."

மறுநாள் அதிகாலை சாலோமி டீச்சர் வீட்டுக்குப் போனார்கள். அவர் அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். நரைத்த முடியை இறுக்கிக் கொண்டை போட்ட, நிமிர்ந்து நடக்கிற பெண்மணி. எபி முன்பே போன் செய்து, தாங்கள் வரும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று கேட்டிருந்தான். சூடாக இருக்கும் இன்ஜின் குறையைக் காட்டாது என்பது அவன் கணக்கு.

கார் சாம்பல் நிறம். கதவில் ஒரு கீறல் இருந்தது. தாஜின் கண் நேராக அதில்தான் போய் நின்றது.

எபி முன்மூடியில் கையை வைத்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் முதல் தடவையிலேயே இன்ஜின் எழுந்தது. பின்னால் நின்ற சபீதா புகைக்குழாயருகே ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தாள். கரி படியவில்லை. ஓடுகிற இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தான் எபி. புகை பொங்கி வரவில்லை. இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் பெல்ட்டைப் போன வருடம் மாற்றியது அவனே. சபீதா இருக்கைகளின் எல்லாப் பெல்ட்டுகளையும் கடைசிவரை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"மைலேஜ் எவ்வளவு குடுக்கும், டீச்சர்?" என்று கேட்டார் தாஜ்.

"நான் சொன்னா நீங்க ஏன் நம்பணும்? டேங்க நிரப்புங்க. காவல்கிணறு வரைக்கும் போயிட்டு வந்து திரும்ப அதே பங்க்ல நிரப்புங்க. உள்ள போற எண்ணெய் பொய் சொல்லாது. நானும் கூட வாறேன்."

எபி பட்டறை திறக்கப் போய்விட்டான். மற்ற மூவரும் டேங்கை நிரப்பிக்கொண்டு புறப்பட்டார்கள். போகும்போது தாஜ் ஓட்டினார். தம்மாமில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் என்பதால், ஊர் திரும்பிய பிறகும் கியர் மாற்ற அவருடைய வலது கை தானாகக் கதவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் நாங்குநேரியைத் தாண்டுவதற்குள் அவருக்கு வண்டி புரிந்துவிட்டது. காற்றாலைகள் நிற்கும் வெளிக்கு வந்தபோது பக்கவாட்டுக் காற்று லாரிகளையே அசைத்தது. இந்தக் கார் தன் பாதையை விட்டு நகரவில்லை. அவர் கதவுக் கீறலை மறந்துவிட்டார்.

திரும்பும்போது சபீதா உட்கார்ந்தாள். வள்ளியூர் தாண்டிச் சிறிது தூரத்தில், மாலை சுற்றிய ஒரு கார் சாலையோரம் முன்மூடி திறந்து நின்றது. பட்டுவேட்டி கட்டிய ஒருவர் கையை நீட்டினார். அருகில் முழு அலங்காரத்தில் ஒரு பெண்ணும் அவள் தாயும் நின்றார்கள். சபீதா ஓரம் கட்டினாள்.

அவர் பெயர் மந்திரமூர்த்தி, பெண்ணுடைய அப்பா. களக்காட்டு மண்டபத்தில் முகூர்த்தம். சொந்தக்காரர்கள் வந்த பஸ் முன்னாலேயே போய்விட்டது. வாடகைக் கார் கொதித்து நின்றுவிட்டது.

"வேற கார் ஏர்வாடியிலேருந்து வரணுமாம். அதுக்குள்ள நேரம் தப்பிரும். எப்படியாவது கொண்டுபோய் விட்டிருங்கம்மா" என்றார் அவர்.

சபீதா பின்னால் திரும்பி டீச்சரைப் பார்த்தாள். வண்டி அவருடையது.

"ஏத்திக்கம்மா" என்றார் சாலோமி. "நான் இறங்கிக்கிடுதேன்."

தாஜ் அதற்குள் கதவைத் திறந்து இறங்கியிருந்தார். "நீங்க முன்னால வாங்க, டீச்சர். வெயில்ல நீங்க நிக்க வேண்டாம்."

சபீதா அவரைப் பார்த்தாள். "நீங்க ஓட்டுதியளா? நான் நின்னுக்கிடுதேன்."

ஒரு கணம் அவருக்கும் அந்த எண்ணம் வந்தது. இருபது வருட அனுபவம் அவருடையது. ஆனால் களக்காட்டுச் சாலையின் வளைவும் வேகத்தடையும் அவளுக்குத்தான் பழக்கம். பள்ளிச் சுற்றுலாவுக்குக் களக்காட்டுக்கு மேலே உள்ள தலையணை அணைக்கட்டுக்கு எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறாள்.

"நீயே ஓட்டு. பதறாமப் போ" என்றார்.

கார் புறப்பட்டது. கொதித்து நின்ற வண்டியின் ஓட்டுநரோடு தாஜ் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தார். அவள் கண்ணாடியைப் பார்த்து, விளக்குப் போட்டு, ஒரு லாரியை அளந்து தாண்டினாள். அதில் அவசரம் தெரியவில்லை. தயக்கமும் தெரியவில்லை.

"யாரு அண்ணாச்சி ஓட்டுதது?" என்று கேட்டான் அந்த ஓட்டுநர்.

"என் வீட்டுக்காரி" என்றார் தாஜ். சொன்ன பிறகு அவர் தோள் தானாக நிமிர்ந்தது.

நாங்குநேரியில் மேற்கே திரும்பியதும் சாலை குறுகியது. இருபுறமும் வாழைத் தோட்டங்கள். பின்னால் இருந்த பெண் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சபீதா கண்ணாடியில் பார்த்தாள்.

"ஏசியக் கூட்டியிருக்கேன், தாயி. காலை நல்லா நீட்டி உக்காரு, இடம் இருக்கு. மாப்பிள்ள எங்கயும் போயிர மாட்டாரு."

பெண் சிரித்தாள். அதுவரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த மந்திரமூர்த்தியும் சிரித்தார். வேகத்தடைகளில் கார் பைய ஏறிப் பைய இறங்கியது. பெண்ணின் சடையிலிருந்து ஒரு பூகூட உதிரவில்லை.

மண்டப வாசலில் மேளக்காரர்கள் தயாராக நின்றிருந்தார்கள். நீளமான சாம்பல் நிறக் கார் வந்து நின்றதும், முக்காடு போட்ட ஒரு பெண் ஓட்டுநர் பக்கத்திலிருந்து இறங்கிப் பின்கதவைத் திறப்பதைக் கூட்டம் பார்த்தது. நாதஸ்வரம் தொடங்கியது. முகூர்த்தத்துக்கு நேரம் இருந்தது.

மந்திரமூர்த்தி கும்பிட்டார். பிறகு சாலோமியிடம், "வண்டி பிரமாதமா இருக்கும்மா. உங்க காரா?" என்று கேட்டார்.

சாலோமி டீச்சர் ஒரு நொடியும் யோசிக்கவில்லை.

"இல்ல. ஓட்டிட்டு வந்தாகள்ல, அவுக காரு. கல்யாணத்துக்கு வாடகைக்கு வரும். நம்பரு வாங்கிக்கிடுங்க."

சபீதா சட்டென்று டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். மந்திரமூர்த்தி கைப்பேசியை எடுத்துக்கொண்டு அவள் முன் நின்றார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவரும் தன் கைப்பேசியோடு வந்து நின்றார். அவள் தன் எண்ணைச் சொன்னாள்.

காரில் திரும்ப ஏறியதும் கேட்டாள்: "டீச்சர், இன்னும் விலைகூடப் பேசலியே?"

"பேசுவோம். ஒரு புரோக்கர் கேட்டுட்டு இருந்தான், குடுக்க மனசு வரல. இந்த வண்டிய நல்லா ஓட்டுதவங்க கையிலதான் குடுக்கணும்னு இருந்தேன். இப்பப் பாத்துட்டேன்."

வேப்பமரத்தடியில் தாஜை ஏற்றிக்கொண்டார்கள். பின்னால் உட்கார்ந்த அவரிடம் டீச்சர் முன்னாலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே காலை நீட்டினார். முன் இருக்கையில் முழங்கால் முட்டவில்லை. சொகுசுக் கார்களில் அவர் எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் போயிருக்கிறார். பின்னிருக்கையில் அமர்ந்து போவது இதுவே முதல் தடவை.

பாளையங்கோட்டையில் அதே பங்க்கில் டீசல் நிரப்பினார்கள். தாஜ் கைப்பேசியில் கணக்குப் போட்டார். ஆள் நிறைய ஏற்றி, ஏசி போட்டு, களக்காட்டுச் சாலையிலும் போய் வந்து, லிட்டருக்குப் பதினேழுக்கு மேல் வந்தது. அவர் இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். அதே விடைதான்.

"மாஷா அல்லாஹ்" என்றார் மெதுவாக. விலையை மூவரும் அங்கேயே பேசி முடித்தார்கள்.

அப்போது கைப்பேசி அடித்தது. பள்ளிவாசல் நண்பர் அப்ரார்.

"என்னவே, வெள்ளக் காரு வேண்டாம்னுட்டீராமே?"

"ஆமா வே. சாம்பல் கலருல ஒன்னு எடுக்கோம்."

"புதுசு மாதிரி இருக்கா?"

தாஜ் பங்க்கின் ஓரத்தைப் பார்த்தார். சபீதா ஒரு துணியை எடுத்து முன்கண்ணாடியில் அப்பியிருந்த பூச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா ஓடுன வண்டி. காலையிலேயே ஒரு கல்யாணத்த முடிச்சிட்டு வந்திருக்கு. சபீதா ஓட்டுனா. சாயங்காலம் அசர் தொழுகைக்குத் தெருவுக்கு வருவோம், வாசல்ல நின்னு பாரும்."