எல்லாப் பாட்டுக்கும் ஒரே கட்டுரை

உஷாராணிக்கு வணிகவியலில் ஒரு தாள்கூட நின்றதில்லை. காஸ்ட் அக்கவுண்டிங்கில் வகுப்பிலேயே அவள்தான் முதல். பையன்களெல்லாம் பேயைக் கண்டதுபோல மிரண்ட வருமான வரித் தாளை அவள் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டு வந்தாள். அவளை மடக்கிப் போட்டது இரண்டாம் செமஸ்டர் ஆங்கிலம், அதாவது கவிதையும் சிறுகதையும். கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு திசையாகப் போன பிறகும் அந்த ஒரு அரியர் அவள் காலைச் சுற்றிக்கொண்டே கிடந்தது.

பற்று வரவு எழுதப் படிக்கிற பெண்ணிடம், எங்கோ ஒரு கவிஞன் எதைப் பார்த்து உருகினான் என்று கேட்பது அநியாயம் என்று அவள் அம்மா காசம்மாள் சொல்வாள். கேட்கலாம், அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் கேட்பதற்கு முன்னால் யாராவது ஒருநாள் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து ஒரு பாட்டையாவது படித்திருக்க வேண்டாமா? மூன்று வருடத்தில் அது மட்டும் நடக்கவில்லை.

அரியூரிலிருந்து தினமும் கம்பெனி வேன் ஏறி, சேதராப்பட்டில் ஒரு மருந்து கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை. தட்டையாக வரும் அட்டையை எடுத்து, நாலு பக்கம் மடித்து, அடியைச் செருகி, பக்கத்தில் தள்ள வேண்டும். ஷிப்டு முடிகிறவரை அதுதான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் அக்கவுண்ட்ஸ். அங்கே பிரியதர்ஷினி மேடம் ஒருநாள் ஜி.எஸ்.டி. கணக்கில் முட்டிக்கொண்டு நின்றபோது, தற்செயலாகப் பெட்டி எண்ணிக்கை சொல்லப்போன உஷாராணி தப்பு எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தாள். அன்றிலிருந்து மேடத்துக்கு அவள்மேல் ஒரு கண்.

"ஜூன் மாசம் இங்க ஒரு சீட் காலியாவுது. டிகிரி முடிச்சிட்டு வா, உன்ன உள்ள இழுத்துக்கறேன். அதுக்கு மேல என்னால புடிச்சி வைக்க முடியாது, பாத்துக்கோ" என்றாள் மேடம்.

அந்த நாற்காலிக்காகத்தான் உஷாராணி வில்லியனூரில் மணிபாரதி சாரிடம் டியூஷன் சேர்ந்தாள். செல்போன் கடை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் அவருடைய சென்டர். பகலில் ஒரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரர், ஞாயிற்றுக்கிழமைகளில் அரியர்க்காரர்களுக்குக் கண்கண்ட தெய்வம். கெட்ட மனிதர் இல்லை. ஒரு காலத்தில் கவிதை பிடித்துப்போய்த்தான் ஆங்கிலம் எடுத்தாராம். இப்போது கவிதை என்றாலே அவருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

அவருடைய புகழெல்லாம் ஒரே ஒரு கட்டுரையில் இருந்தது. எந்தக் கவிதைக்கும் பொருந்தும் கட்டுரை. 'கவிஞர் இயற்கையை உயிராக நேசிப்பவர். பறவைகளையும் மலர்களையும் பாடி, மனித வாழ்வின் நிலையாமையை நமக்கு உணர்த்துகிறார்' என்று ஆங்கிலத்தில் ஆறு பக்கம் ஓடும். தலைப்பு வருகிற இடமும் கவிஞர் பெயர் வருகிற இடமும் மட்டும் காலியாக இருக்கும். கேள்வித்தாளைப் பார்த்து நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். சிறுகதைக்கும் அதேமாதிரி ஒன்று வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் ஒரே மருந்து. அதை வைத்து அவர் கரையேற்றியவர்கள் ஏராளம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"சார், பேட்டர்ன் மாறிடுச்சின்னு சொல்றாங்களே?" என்று யாரோ கேட்டார்கள்.

"கேள்விதாம்பா மாறும். பதில் மாறாது. ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்குங்க. சொந்தமா ஒரு வரி எழுதுன, உள்ளதும் போச்சி" என்றார் சார்.

ஏப்ரலில் பரீட்சை. மின்விசிறி சுற்றியும் சுற்றாமலும் இருந்த ஹாலில் உஷாராணி கேள்வித்தாளைப் பிரித்தாள். பாடத்தில் இல்லாத ஒரு கவிதையை முழுசாக அச்சடித்திருந்தார்கள். கவிஞர் பெயர்கூட இல்லை. கீழே பாதி மதிப்பெண்ணுக்கு ஒரே கேள்வி: இந்தக் கவிதையிலிருந்து நீ என்ன புரிந்துகொண்டாய், உன் சொந்த வார்த்தையில் எழுது.

வேறு வழியில்லாமல் படித்தாள். எளிய ஆங்கிலம்தான். ஒரு பெண் தொழிற்சாலையில் காகிதப் பெட்டி மடிக்கிறாள். இரவில் வீட்டுக்கு வந்து படுக்கிறாள். தூக்கத்தில் அவள் கை போர்வையைப் பெட்டியாக மடித்துக்கொண்டே இருக்கிறது. புருஷன் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறான், கை அடங்குகிறது. ஆனால் விடிவதற்குள் அவனும் வேலைக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் கவிதை.

உஷாராணிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. போன மாதம்தான் காசம்மாள் அவளைத் தட்டி எழுப்பி, "இன்னாடி, தூக்கத்துல பொடவைய மடிச்சிக்கினு கீற?" என்று கேட்டிருந்தாள். முகம் தெரியாத யாரோ தன் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போய் எழுதியதுபோல அவளுக்கு இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஆங்கிலக் கவிதை அவளுக்குப் புரிந்தது. புரிந்தது மட்டுமல்ல, அழுகையும் வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

பேனாவை எடுத்து அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினாள். 'அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் கை இன்னும் வரவில்லை' என்று தொடங்கினாள். அந்தப் புருஷனைப் பற்றி எழுதினாள். பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தாலும் அந்தக் கைக்கும் ஷிப்டு உண்டு என்று எழுதினாள். அரைப் பக்கத்தில் தீர்ந்துவிட்டது. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது என்று தோன்றியது.

பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். சுற்றிலும் எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தன் அரைப் பக்கத்தைப் பார்த்தாள். ஏதோ அம்மாவிடம் பேசுவதுபோல எழுதியிருக்கிறோமே, இதற்குப் போய் யார் மார்க் போடுவார்கள் என்று பயம் பிடித்துக்கொண்டது. உள்ளதும் போச்சி என்ற சாரின் குரல் காதில் கேட்டது. நாற்காலி கண்முன்னால் வந்து நின்றது.

ஸ்கேல் வைத்து, குறுக்கே இரண்டு கோடு போட்டு, அந்த அரைப் பக்கத்தை அடித்தாள். அடுத்த பக்கத்தில் 'கவிஞர் இயற்கையை உயிராக நேசிப்பவர்' என்று ஆரம்பித்தாள். பெட்டி மடிக்கிற பெண்ணின் பாட்டுக்குப் பறவையும் பூவும் ஆறு பக்கத்துக்கு வந்து குவிந்தன. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, இவள் அந்த வெண்ணெயை வழித்துத் தெருவில் எறிந்துவிட்டு அலைந்தாள். யாரைக் குற்றம் சொல்வது? பள்ளிக்கூடத்திலிருந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றைத்தான்.

வெளியே மணிபாரதி சார் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "எத்தினி பக்கம்மா?" என்றார்.

"ஆறு சார்."

"போதும் போ. பாஸு."

ஜூனில் ரிசல்ட் வந்தது. பெயில். வேனில் செல்போனைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள், எழுத்து மாறவில்லை. பிரியதர்ஷினி மேடம் திட்டவில்லை. "சரி, விடு" என்று மட்டும் சொன்னாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை அந்த நாற்காலியில் கூடப்பாக்கத்துப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்பக்கம் உஷாராணி அட்டையை எடுத்து மடித்தாள்.

நவம்பரில் மறுபடி எழுதலாம். எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன என்றுதான் அவளுக்கு இருந்தது. காசம்மாள்தான் விடவில்லை. "இத்தினி வருசம் படிச்சது தண்டமா பூடும்டி" என்று பிடித்துத் தள்ளினாள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி மாடி ஏறினாள்.

அன்று சார் வந்ததும் கைகூப்பினார். "இந்த தடவ நானும் பேப்பர் திருத்தப் போயிருந்தேன்பா. கவிதையப் பத்திப் பேசாத கட்டுரைக்கெல்லாம் சைபர் போடுன்னு ஆர்டர். கட்டுக்கட்டா நம்ம கட்டுரை. என் கையாலயே சைபர் போட்டேன்." விசிறியை அண்ணாந்து பார்த்தார். "அதுல ஒரு பேப்பர். பேரு கீரு ஒண்ணும் தெரியாது. மொத பக்கம் அவ்ளோ நல்லா எழுதி, அத அடிச்சிட்டு, நம்ம கட்டுரைய எழுதி வச்சிருக்குது. அடிச்சதுக்கு மார்க் போடக்கூடாது. போட முடிஞ்சிருந்தா பாஸு."

சார், அது நான்தான் என்று உஷாராணிக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? நாற்காலி திரும்பி வருமா?

"கவலப்படாதீங்க. புது மாடல் ரெடி பண்ணிட்டேன். சொந்தக் கருத்து கேட்டா இத எழுதுங்க, எந்தக் கவிதைக்கும் செட் ஆவும்" என்று ஜெராக்ஸ் தாளை ஆளுக்கொன்று கொடுத்தார். தாளின் முதல் வரி அவளுடையது. அதற்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டிருந்தார் சார். 'என் சொந்தக் கருத்தின்படி, அந்த அபலைப் பெண்ணின் உடல் இல்லம் சேர்ந்தது. அவளது உழைக்கும் கரங்களோ இன்னும் இல்லம் சேரவில்லை' என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தது.

"எல்லாரும் சத்தமா சொல்லுங்க."

மாடி அதிரச் சொன்னார்கள். இருபது முப்பது பேருக்கும் ஒரே சொந்தக் கருத்து. உஷாராணியும் சொன்னாள். ஆனால் கண் தாளில் நிற்கவில்லை, வாய் தானாக அதன் வழியில் போனது. அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள், அவள் கை இன்னும் வரவில்லை என்றாள்.

சார் கைதட்டி எல்லோரையும் நிறுத்தினார்.

"உஷாராணி, பட்டும் புத்தி வரலியா உனக்கு? சொந்தமா சொல்லாத. தாள்ல இன்னா கீதோ அத சொல்லு."

அவள் தாளைப் பார்த்துச் சொன்னாள்.