முன்பக்க இடது சில்லு

சத்தத்தை முதலில் கேட்டவள் றுஷ்தாதான். காருக்குக் குலுக்கம் தாங்கும் புதுச் சொக்குகள் போட்டபின் முதன்முதலாக மன்னாருக்குப் புறப்பட்ட செவ்வாய்க்கிழமை அது. அரிப்புப் பாலத்தை நெருங்கும்போது, பின்சீற்றில் மூன்று தலையணைகளுக்கு நடுவில் படுத்திருந்தவள், "முன்னுக்கு என்னவோ தட்டுது" என்றாள்.

"ஒண்டும் தட்டயில்ல" என்றான் ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருசன் றிபாத்.

முசலிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் பதினெட்டு வருசமாகத் தண்ணீர் பவுசர் ஓட்டுகிறவன் அவன். வண்டியில் ஒரு பிசகு என்றால் ஊரில் எல்லாருக்கும் முன்னால் தன் காதுக்குத் தெரிந்துவிடும் என்ற நினைப்பு அவனுக்கு உண்டு. ஆனால் பாலத்தில் ஏறுகிற இடத்துப் பள்ளத்தில் கார் இறங்கி எழும்பியபோது அவனுக்கும் கேட்டது. டொக். இரும்பில் இரும்பு பட்ட, சின்னதான, காய்ந்த ஒரு சத்தம்.

மார்பில் தொடங்கிய புற்றுநோய் றுஷ்தாவின் முதுகெலும்புக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் மன்னாரில் கிளினிக். போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். பழைய ஜப்பான் கார் அது. சொக்குகள் செத்துப்போய், றோட்டில் ஒரு மாங்கொட்டை கிடந்தாலும் துள்ளும். ஒவ்வொரு துள்ளலுக்கும் அவள் பல்லைக் கடிப்பதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத்தான் றிபாத் வவுனியாவுக்குப் போய் நான்கு புதுச் சொக்கும், முன்பக்கத்துக்குப் புது ரப்பர் புஷ்களும் வாங்கி வந்தான். அசல் கொம்பனிச் சாமான் எங்கேயும் கிடைக்கவில்லை. கடைக்காரன், "இதுவும் அதே அளவுதான், கண்ணை மூடிக்கொண்டு போடுங்கோ" என்றான்.

தாழ்வுபாட்டு றோட்டில் கராஜ் வைத்திருக்கும் சிங்கராசா அவற்றைப் பூட்டிக் கொடுத்தார். துள்ளல் போய்விட்டது, அது உண்மை. கார் இப்போது கடலில் வள்ளம் போலப் போனது. ஆனால் இந்தத் தட்டல் வந்துவிட்டது.

அன்று திரும்பி வரும்போது றுஷ்தா சொன்னாள்: "குலுக்கத்தையெண்டாத் தாங்கிருவன். இது எப்ப தட்டும், எப்ப தட்டும் எண்டு பாத்துக்கொண்டு கிடக்கிறதுதான் ஏலாம இருக்கு."

அடுத்த செவ்வாய் அவளையும், அவளைப் பார்க்கவென்று புத்தளத்திலிருந்து வந்து தங்கியிருந்த தங்கை நிஸ்லாவையும் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு றிபாத் நேரே கராஜுக்குப் போனான். சிங்கராசா அறுபதைத் தொடுகிற மனிதர், கழுத்தில் செபமாலை, நெஞ்செல்லாம் கிறீஸ். பூட்டிய நட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகுசாவி போட்டுப் பார்த்தார். எல்லாம் இறுக்கம். முன் சில்லுகள் இரண்டையும் இணைக்கும் கம்பியின் சின்ன மூட்டைக் கழற்றி, ஓரமாகக் கம்பியால் கட்டிவிட்டு, "இப்பிடியே ஒருக்கா ஓடிப் பாருங்கோ தம்பி. சத்தம் நிண்டா இதுதான் கள்ளன்" என்றார்.

ஓடினான். நிற்கவில்லை.

"அப்ப அவனில்ல. நல்லது, ஒருத்தன் குறைஞ்சான்."

பிறகு ரப்பர் புஷ்களில் சந்தேகப்பட்டார். ஜக்கில் தூக்கி, சில்லுகள் தொங்கிக்கொண்டு இருக்கும்போதே அவற்றை இறுக்கிவிட்டோம், அது பிழை, காரின் பாரம் நிலத்தில் இருக்கும்போதுதான் இறுக்கவேண்டும் என்று தன்னையே ஏசிக்கொண்டு, எல்லாவற்றையும் தளர்த்தி, காரை இறக்கி, நிலத்தில் மல்லாந்து படுத்துத் திரும்ப இறுக்கினார். சத்தம் பாதியாகக் குறைந்தது. றிபாத் பாட்டுப் பாடாத குறையாக ஆஸ்பத்திரிக்குப் போனான். இருவரையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வங்காலை தாண்டும் வரைக்கும் ஒன்றும் இல்லை. பிறகு, டொக்.

றுஷ்தா கண்ணாடியில் அவனுடைய கண்ணைத் தேடிப் பிடித்து, பார்வையை விலக்கிக்கொண்டாள்.

அந்தக் கிழமை முழுக்க அவன் வேலை முடிந்து வந்தால் காருக்குக் கீழேதான். வீட்டுக்குள் நிஸ்லா அக்காவைத் துடைத்து, உடுப்பு மாற்றி, இரண்டு கரண்டி கஞ்சி இறக்கப் பாடுபட்டுக்கொண்டிருப்பாள். முற்றத்தில் அவன் ஒரு தடியைக் காதில் வைத்து, மறு நுனியை இரும்பில் முட்டவிட்டு, பக்கத்து வீட்டு அபூசாலியைப் பொனற்றை அமத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பான். "உனக்கு விசர் பிடிக்கப்போகுது" என்றார் அபூசாலி. அவனுக்கு அந்தப் பேச்சு உறைக்கவில்லை. டொக்டர்மார் சொல்வதில் பாதி அவனுக்கு விளங்குவதில்லை, விளங்கியதை நம்ப முடிவதில்லை. இது மட்டும் அப்படியில்லை. இதற்கு ஒரு காரணம் இருந்தது, அது காருக்குள்தான் எங்கேயோ இருந்தது.

மூன்றாவது செவ்வாய் கிளினிக் வேளைக்கே முடிந்துவிட்டது. நிஸ்லாவை உள்ளே கூப்பிட்டு டொக்டர் ஏதோ கனநேரம் கதைத்தார். அவள் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. றிபாத் அதைக் கேட்காமல், "போற வழியில சிங்கராசா அண்ணையிட்ட அஞ்சு நிமிசம்" என்று காரைத் திருப்பினான்.

சிங்கராசா பின்கதவுக் கண்ணாடி வழியாகக் குனிந்து, படுத்திருந்தவளிடமே கேட்டார். "தங்கச்சி, நீங்கதானே முதல் கேட்ட ஆள். எனக்குச் சொல்லுங்கோ பாப்பம், எப்பிடிக் கேக்குது?"

றுஷ்தா தலையைக் கொஞ்சம் தூக்கினாள். மாதக்கணக்காக எல்லாரும் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: எங்கே நோகுது, எவ்வளவு நோகுது. இவர் வேறு ஒன்றைக் கேட்டார்.

"இடப்பக்கம்தான் அண்ணன். சில்லு பள்ளத்துக்குள்ள விழேக்க இல்ல. ஏறி வெளியில வந்து, கார் நிமிருதெல்லோ, அப்ப ஒருக்கா. கீழ இருந்து வாற சத்தமும் இல்ல அது. மேல. அவர்ர கால் இருக்கிற உயரத்துக்கும் மேல."

சிங்கராசா நிமிர்ந்து றிபாத்தைப் பார்த்தார். "ஒரு கிழமையா நாங்க ரெண்டு பேரும் கீழ தேடினம். இவ சொல்லுறதுதான் சரி. சொக்கின்ர தலைப்பக்கம். அதைக் கழற்றிறதெண்டா ஸ்பிரிங்கை அமத்திப் பிடிச்சு எடுக்க வேணும், அவசரத்தில செய்ய ஏலாது. சனிக்கிழமை காலையில கொண்டாங்கோ."

வீட்டுக்கு வரும்வரை றுஷ்தாவின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. நிஸ்லா வந்த பிறகு அக்கா சிரித்து அவள் கண்டது இரண்டே தரம்தான். அதில் ஒன்று அன்றைக்கு.

வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்தவனை றுஷ்தா கட்டிலில் தன் பக்கத்தில் இருக்கச் சொன்னாள்.

"செவ்வாய்க்கிழமை போக வேணாம்."

"ஏன்? கிளினிக் இல்லையா?"

"கிளினிக் இருக்கு. எனக்குத்தான் வேணாம். இனி எந்தச் செவ்வாயும் வேணாம். டொக்டரும் நிஸ்லாவிட்ட அதைத்தான் சொன்னவர். நோவுக்குள்ள மருந்தை இஞ்ச கிட்டடியில எடுக்கலாமாம். நீங்களும் லீவு போட்டுக்கொண்டு என்னோட இருங்கோ. அவ்வளவுதான்."

றிபாத் அவளுடைய கையைப் பிடித்தான். அது கை போல இல்லை, துணிக்குள் சுற்றிய சுள்ளி போல இருந்தது. "அந்தச் சத்தம்தான் உன்னை வெறுக்கப் பண்ணுது" என்றான். "சனிக்கிழமை அண்ணை அதை எடுத்துருவார். பேந்து பார், வீட்டில படுத்திருக்கிற மாதிரிப் போகலாம்."

அவள் "சரி" என்றாள். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை விடியும்போதே அவளுடைய மூச்சு வேறாக இருந்தது. கொஞ்சம் ஓடும், நிற்கும், திரும்ப ஏதோ ஞாபகம் வந்தது போல ஓடும். நிஸ்லா வாசலில் வந்து நின்றாள்.

"மச்சான், இண்டைக்குப் போகாதீங்கோ. காலெல்லாம் குளிருது."

றிபாத் உள்ளே போய்க் காலைத் தொட்டுப் பார்த்தான். குளிராகத்தான் இருந்தது. விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. சீலையை இழுத்து அவற்றை மூடினான்.

"மத்தியானத்துக்கு முந்தி வந்துருவன்" என்றான். "வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம். கார் நல்லா இருந்தாத்தானே கொண்டுபோகலாம்."

நிஸ்லா அக்காவின் பக்கத்தில் போய் இருந்தாள்.

கராஜில் வேலை பத்தரை மணிக்குத்தான் பிடிபட்டது. சொக்கின் நடுத்தண்டு மேலே வந்து, ஒரு ரப்பர்த் தாங்கிக்குள் புகுந்து, அங்கே ஒரு நட்டால் பூட்டப்பட்டிருக்கும். சிங்கராசா பழைய சொக்கையும் புதியதையும் மேசையில் பக்கத்துப் பக்கமாக வைத்து அளந்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப அளந்தார்.

"இஞ்ச பாருங்கோ தம்பி. புதுசில நட்டு ஏறுற புரி ரெண்டு மில்லிமீற்றர் குறைய வெட்டியிருக்கு. நட்டு புரியின்ர அடியில போய் முட்டி நிண்டிட்டுது. சாவிக்கு இறுகின மாதிரித் தெரியும். ஆனா தாங்கியை அது பிடிக்கவே இல்ல. கார் நிமிரேக்க தண்டு கீழ இழுபட்டுத் தட்டுது. தங்கச்சி சொன்ன அதே இடம்."

பழைய தகரப் பேணியில் கிளறி, கனமான வாஷர் ஒன்றை எடுத்துத் தண்டில் போட்டு நட்டை இறுக்கினார். இந்த முறை அது வேறு மாதிரி இறுகியது. சாவியைப் பிடித்திருந்த கைக்கே தெரிந்தது. எல்லாவற்றையும் பூட்டி முடிக்க மணி பன்னிரண்டாகிவிட்டது.

"ஓடிப் பாத்திட்டு வாங்கோ" என்றார் சிங்கராசா.

போன் முன்தட்டில் கிடந்தால் அதிரும், சத்தத்தைக் கேட்க விடாது என்று றிபாத் அதை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனான். தாழ்வுபாட்டுக் கடற்கரைப் பக்கம் கருவாடு காயப் போட்டிருக்கும் வெளியைச் சுற்றி, குழியும் மணலுமான ஒரு பாதை உண்டு. அதில் இறக்கினான். பெரிய குழிகளாகத் தேடித் தேடி இடது சில்லை விட்டான். கார் இறங்கியது, ஏறியது, நிமிர்ந்தது. ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிளில் மீன்பெட்டி கட்டிப் போன ஒருவர் ஒதுங்கி நின்று, இவனுக்கு என்ன பிடித்திருக்கிறது என்பது போலப் பார்த்தார். நிச்சயப்படுத்த இரண்டாவது தரம் சுற்றினான். மூன்றாவது சுற்றுக்குக் காரணமே இருக்கவில்லை. ஆனாலும் சுற்றினான். இந்த ஐந்து மாதத்தில் அவன் கையால் ஒரு காரியம் சரிவந்திருந்தது. அதைவிட்டு இறங்க அவனுக்கு மனம் வரவில்லை.

திரும்பி வந்தபோது சிங்கராசா கராஜுக்கு வெளியே, வெயிலில் நின்றார். கையில் றிபாத்தின் போன்.

"நிண்டிட்டுது அண்ணை!" என்று கண்ணாடி வழியாகக் கத்தினான் றிபாத். "சுத்தமா நிண்டிட்டுது!"

"தம்பி, இறங்குங்கோ."

இறங்கினான்.

"வீட்டால எடுத்தவை. அடிச்சுக்கொண்டே இருந்துது, ஏழெட்டுத் தரம். கடைசியா நான்தான் எடுத்தனான்." போனை அவனிடம் நீட்டினார். "தங்கச்சி போயிட்டாவாம். மவுத்தாம்."

றிபாத் காரின் பொனற்றில் கையை வைத்தான். அது சுட்டது. எடுக்கவில்லை. சிங்கராசாதான் அவனுடைய கையைப் பிடித்து எடுத்துவிட்டு, "நீங்க ஓட வேணாம், நான் ஓடுறன்" என்று சாரதிக் கதவைத் திறந்தார். கிறீஸ் உடுப்போடேயே ஏறினார். அரிப்புப் பாலத்தில் கார் தண்ணீரில் வழுக்குவது போல ஏறி இறங்கியபோது சிங்கராசா புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

பொழுது சாயும் மஃரிபுத் தொழுகைக்கு முன் ஜனாஸாவை எடுத்து அடக்கிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் நிஸ்லா புத்தளத்துக்குத் திரும்பினாள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான் றிபாத். பஸ்ஸில் போகிறேன் என்றாள். அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு சந்தி வரைக்கும் நடந்தான். பஸ் வரத் தாமதமாகியது.

"அவ மூண்டு தரம் உங்களைக் கேட்டவ" என்றாள் நிஸ்லா, றோட்டைப் பார்த்தபடி. "கார் திருத்தப் போயிற்றார் எண்டன். சிரிச்சா. 'அவருக்கு ஏதாவது ஒண்டைத் திருத்த வேணும்தானே' எண்டா. பேந்து தண்ணி கேட்டா. கடைசி நேரத்துக் கலிமாவை நான்தான் சொல்லிக் கொடுத்தன்."

றிபாத் பையை மற்றக் கைக்கு மாற்றினான்.

"அவ உங்களைக் கோவிக்கயில்ல மச்சான். அதைச் சொல்ல வேணும், சொல்லிட்டன். நான் கோவமாத்தான் போறன்."

"வியாழக்கிழமை அவ சொன்னது எனக்கு விளங்கினது" என்றான் றிபாத். "சனிக்கிழமை கால் குளிர்ந்ததும் விளங்கினது. விளங்கித்தான் போனனான், நிஸ்லா."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. பையை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு ஏறினாள்.

அடுத்த கிழமை அவன் வேலைக்குப் போனான். மழை பொய்த்த வருசம். கிணறுகள் உப்பேறி, கொண்டச்சிப் பக்கத்தில் ஐம்பது வீடு பவுசருக்காகக் காத்திருந்தது. பெண்கள் வாளியும் பிளாஸ்ரிக் பெரலும் வைத்து வரிசையில் நின்றார்கள். செய்தி தெரிந்ததால் யாரும் அவனோடு சத்தமாகக் கதைக்கவில்லை. சின்ன வயதில் றுஷ்தாவோடு ஒன்றாகக் குர்ஆன் ஓதப்போன உம்மு குல்சூமின் முறை வந்தபோது, அவள் வாளியை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"நல்ல பிள்ளை. கடைசி நேரத்தில நீங்க பக்கத்தில இருந்திருப்பீங்க. அந்தக் குடுப்பினையாவது அல்லாஹ் குடுத்தானே."

அவன் ஓம் என்று தலையாட்டியிருந்தால் போதும்.

"இல்ல ராத்தா" என்றான் றிபாத். "நான் பக்கத்தில இருக்கயில்ல."

உம்மு குல்சூம் வாளி நிறைந்ததும் தூக்கிக்கொண்டு விலகினாள். அடுத்தவள் தன் பெரலை முன்னுக்கு உருட்டினாள். றிபாத் குழாயை அதற்குள் விட்டுப் பிடித்துக்கொண்டு நின்றான்.