பட்டறை வரைக்கும் தனியாக

"இனிமே நான் பக்கத்துல உட்கார வேண்டாம்மா. நீயே தனியா எடுத்துட்டுப் போ" என்று அப்பா கார் சாவியை நீட்டியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறையில் பிரேக்கைப் பார்க்கச் சொல்லி வண்டியை விட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

வழியில் ஓர் இடத்திலும் இன்ஜின் அணைந்து வண்டி நிற்கவில்லை. பட்டறையில் மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"பரவாயில்லையே, ஒரு கீறல் இல்லாம கொண்டு வந்துட்டே! வாங்கறவரு உள்ளதான் இருக்காரு. சாவியைக் கொடு."

"யாரு வாங்கறாங்க?"

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்பா சொல்லலையா பாப்பா?"

அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா? எனக்கே கொண்டுபோய்க் கொடுக்க மனசு வரலம்மா" என்றார்.

அதற்குள் வாங்க வந்தவர் ஏறி உட்கார்ந்து, இருக்கையைத் தன் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளிக்கொண்டார்.

வண்டி போவதைவிட வேறொன்றுதான் என்னை அரித்தது. "உனக்கு நல்லா கை வந்துடுச்சு" என்று நேற்று அப்பா சொன்னது நான் ஓட்டியதைப் பார்த்தா, இன்றைக்கு வண்டியைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டதாலா?

கேட்டுவிட வாய் வரைக்கும் வந்தது. என்ன பதில் சொன்னாலும் நம்பப்போவதில்லை என்று தெரிந்ததும் போனை வைத்துவிட்டேன்.